வடசென்னை வாக்களித்த வரலாறு

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் வாக்குச் சாவடிக்குச் செல்பவரின் கையில் கொடுக்கப்படும் சீட்டு மிக நீளமானது. காங்கிரஸ் சபைக்கு யாரை அனுப்புவது என்பது அதில் ஒரு பகுதிதான். அதன் கீழே வரி பற்றியும் கல்வி பற்றியும் சிறைத் தண்டனை பற்றியும் வினாக்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று அவர் விடையளிக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டு அம்மாநில மக்கள் வீட்டு வரிக்கு உச்சவரம்பு விதித்தது இத்தகைய ஒரு வினாவின் வாயிலாகவேயாகும். இதனால் அங்கு ஒரு மாவட்டம் எந்தக் கட்சியை விரும்புகிறது, எந்தக் கொள்கையை விரும்புகிறது என்ற இரண்டையும் தனித்தனியே அறிந்துகொள்ளலாம். சில வேளைகளில் அவை ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதும் உண்டு.

நம் நாட்டில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. 1948-இல் ஜூனாகட்டிலும், 1949-இல் சந்திரநாகூரிலும், 1967 ஜனவரியில் கோவாவிலும் மக்களிடம் நேரடியாக ஒரு வினா விடுக்கப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில்கூட 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி வாக்களித்தவர்கள் மக்கள் பிரதிநிதிகளேயன்றிப் பொதுமக்கள் அல்லர். சென்னை வாக்காளருக்கோ ஒருபோதும் வினா அளிக்கப்பட்டதில்லை. பெயர்கள் மட்டுமே அளிக்கப்பட்டன. அப்பெயர்களைக் கொண்டே அவர் வினாக்களுக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு வடசென்னை மக்கள் அளித்த விடைகளையும், அவற்றில் நம் சமுதாயத்திற்கு இருந்த பங்கையும் ஈண்டு ஆராய விழைகிறோம்.

வடசென்னை என்று நாம் குறிப்பது புளியந்தோப்பு, பெரம்பூர், வியாசர்பாடி, இராயபுரம், மண்ணடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய பகுதிகள் அடங்கிய வட்டாரத்தை. தொகுதியின் எல்லைக் கோடுகள் பலமுறை மாறியுள்ளன. ஆனால் அங்கு வாழ்ந்தோரின் பிழைப்பு நெடுங்காலம் மாறவில்லை. ஆலை, துறைமுகம், இரயில்வே பணிமனை, புளியந்தோப்பு ஆடுதொட்டி, தோல் மண்டி, மீன்பிடி துறை ஆகியவையே அவர்களுக்குச் சோறு போட்டன. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்து மண்ணடியில் கடை வைத்தவர்களும், ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஆலையில் கூலி வேலை பார்த்தவர்களும், உருது பேசுவோரும் தமிழ் பேசுவோருமாக நம்மவர் அங்கே கலந்து வாழ்ந்தனர்.

இவ்வட்டாரத்தின் வாக்கு வரலாற்றை, வாக்கே இல்லாதவர்கள் தெருவில் மோதிக்கொண்ட ஓர் ஆண்டிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியா அவர்களின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதனைக் கூறுவர். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரே அதன் உறுப்பினர். சாதி இந்துக்களும், முஸ்லிம்களும், ஆதிதிராவிடரும், கிறிஸ்தவரும் அதில் ஒன்றாக இருந்தனர். மூன்றே ஆண்டுகளில் அந்த ஒற்றுமை உடைந்தது. 1921-ஆம் ஆண்டின் நடுவில் வேலைநிறுத்தம் மூண்டபோது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குத் திரும்பினர். சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் ஆலைக்கு வெளியே நின்றனர். ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. கலகம் மாதக்கணக்கில் விட்டு விட்டுத் தொடர்ந்தது. ஆகஸ்டில் போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

கலகத்தின் காரணங்களைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். நிர்வாகத்தின் சூழ்ச்சி என்பர் சிலர். கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்களின் வேகம் என்பர் வேறு சிலர். நீதிக்கட்சித் தலைவர்களில் சிலர் அரசாங்கம் ஆதிதிராவிடருக்குக் காட்டிய சலுகையே காரணம் என்று சாதித்தனர். அதனால் மனம் நொந்த எம். சி. ராஜா அவர்கள் 1923-இல் அக்கட்சியை விட்டே வெளியேறினார். இவற்றுள் எது எவ்வளவு உண்மை என்ற வழக்கில் நாம் இறங்கவில்லை. நம் பொருளுக்கு வேண்டிய செய்தி வேறொன்று.

கலகம் நடப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 1920 நவம்பர் இறுதியில், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சென்னைச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்திருந்தது. காங்கிரசாரும் கிலாபத்தினரும் அதனைப் பகிஷ்கரித்தனர். மாகாணத்தின் மக்கள்தொகை நான்கு கோடிக்கு மேல். வாக்குரிமை பெற்றிருந்தவர்களோ ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர். அவர்களிலும் நான்கில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். சொத்தும் வரியும் உள்ளவருக்கே வாக்கு என்பதால் ஆலைத் தொழிலாளிக்கு அந்தத் தேர்தல் நடந்ததும் நடவாததும் ஒன்றே. 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தனித்தொகுதி முறைப்படி, சொத்துள்ள முஸ்லிம்கள் தமக்கென அமைந்த பட்டியலில் முஸ்லிம் வேட்பாளருக்கு வாக்களித்தனர். சொத்துள்ள இந்துக்கள் வேறு பட்டியலில் வாக்களித்தனர். ஆதிதிராவிடருக்குத் தேர்தலே கிடையாது. அவர்களுக்காகச் சிலரை அரசாங்கம் நியமித்தது.

ஆகவே 1921-இல் புளியந்தோப்பில் மோதிக்கொண்ட மூன்று கூட்டத்தாருக்கும் பொதுவான ஒரு பிரதிநிதி சட்டசபையில் இல்லை. மூவர் வீட்டு வாசலுக்கும் வந்து வாக்குக் கேட்டாக வேண்டிய கட்டாயம் எந்த வேட்பாளருக்கும் இருக்கவில்லை. முஸ்லிம் உறுப்பினருக்கு ஆதிதிராவிடரின் தயவு தேவையில்லை. இந்து உறுப்பினருக்கு முஸ்லிமின் தயவு தேவையில்லை. ஆலைக்குள் ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் அரசியலில் மூன்று வெவ்வேறு கூடங்களில் அடைக்கப்பட்டிருந்தனர். தனித்தொகுதி முறையால் விளைந்த நன்மைகளைப் பட்டியலிடும் நம் எழுத்தாளர்கள் இந்த ஒரு கேட்டினைப் பெரும்பாலும் குறிப்பிடாமல் விட்டுவிடுகின்றனர்.

நன்மைகளும் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. 1937-இல் இராஜாஜி அமைச்சரவையில் மர்ஹூம் யாகூப் ஹஸன் சேட் அவர்கள் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தார். 1946-ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் தொகுதிகளில் லீக் பெற்ற வெற்றி மகத்தானது. கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்கள் 1952 வரை சென்னைச் சட்டசபையின் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தார். ஒரு சிறுபான்மைச் சமுதாயத்தின் குரல் மன்றத்தின் முன்வரிசையிலிருந்து ஒலித்த காலம் அது.

நாடு பிரிவினையுற்றதும் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னையைச் சேர்ந்த பி. போக்கர் சாகிப் அவர்கள் தனித்தொகுதி நீடிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார், சர்தார் பட்டேல் அதனைக் கடுமையாக எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. 1949 மே மாதத்தில், இட ஒதுக்கீடும் வேண்டாமென்ற முடிவு சபைக்கு வந்தபோது காயிதெ மில்லத் அவர்கள் மீண்டும் வாதாடினார்கள். பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே மறுபக்கம் நின்று, ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து என்றென்றும் பிரித்து வைத்துவிடும் என்றனர். இரு சாராரின் அச்சமும் நியாயமானதே. பொதுப்பட்டியலில் நம்மவர் தேர்ந்தெடுக்கப்படமாட்டார் என்று அஞ்சினார் ஒருவர். தனிப்பட்டியலில் நம்மவர் தனித்தே கிடப்பர் என்று அஞ்சினார் மற்றவர். எவர் அச்சம் மெய்ப்பட்டது என்பதை ஊகத்தால் அன்றி, தேர்தல் முடிவுகளைக் கொண்டே பார்ப்போம்.

1952 ஜனவரியில் சென்னையில் இருபத்தொரு வயது நிரம்பிய யாவரும் வாக்களித்தனர். அக்காலத்தில் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கமில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி இருக்கும். விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட வேண்டும். எழுத்தறியாத தொழிலாளிக்கு இதைவிட எளிய முறை வேறில்லை. (வடநாட்டில் இலட்சக்கணக்கான பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னாரின் மனைவி' என்று மட்டுமே பதிந்ததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சென்னை மாகாணத்திலோ சொத்துள்ள பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை கிடைத்திருந்தது.) அப்போது சென்னை நகர் முழுவதற்கும் மக்களவையில் ஒரே தொகுதி, டி. டி. கிருஷ்ணமாச்சாரி வெற்றி பெற்றார்.

1957-இல் நகர் இரண்டு தொகுதிகளாயிற்று. தென்சென்னை மீண்டும் கிருஷ்ணமாச்சாரியையே அனுப்பியது. வடசென்னை அனுப்பியவர் யார் என்பதே வியப்புக்குரியது. எஸ். சி. சி. அந்தோணிப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கிறிஸ்தவர், இலங்கையின் சமசமாஜக் கட்சியில் அரசியல் பயின்று, யுத்த காலத்தில் இந்தியா வந்து சேர்ந்தவர். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையை ஏற்று, 1947-இல் பின்னி ஆலையில் ஏறத்தாழ நூறு நாள் நீடித்த வேலைநிறுத்தத்தை நடத்தியவர். 1921-இல் எந்தச் சங்கம் சாதியாலும் சமயத்தாலும் உடைந்ததோ, அதே சங்கத்தின் தலைவரை, அதே தெருக்களில் வாழ்ந்தோர் ஆளுங்கட்சிக்கு எதிராக நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். அவர் எந்தச் சாதி, எந்த மதம், எந்த ஊர் என்ற கேள்விகள் அவர்களைத் தடுக்கவில்லை. வாக்குச் சீட்டில் வினா அச்சிடப்பட்டிருந்தால், அது ஆலைத் தொழிலாளியின் உரிமையைப் பற்றியதாக இருந்திருக்கும்; வடசென்னை 'ஆம்' என்று விடை சொல்லியிருக்கும்.

வெளியூரார் என்று பாராமை இத்தொகுதியின் இயல்பாகவே தோன்றுகிறது. 1967-லும் 1971-லும் வென்ற நாஞ்சில் மனோகரன் குமரி மண்ணைச் சேர்ந்தவர். பின்னாளில் வென்ற தா. பாண்டியன் மதுரைச் சீமைக்காரர். எல்லாத் திசையிலிருந்தும் சரக்கும் ஆளும் வந்திறங்கும் துறைமுகத்தில் அயலூர்க்காரன் என்ற சொல்லுக்கு அதிகப் பொருள் இல்லை போலும்.

1962-இல் காங்கிரசின் பி. சீனிவாசன் மக்களவைக்கு வென்றார். அவ்வாண்டே துறைமுகம் சட்டமன்றத் தொகுதியில் கே. எஸ். ஜி. ஹாஜா ஷெரீப் அவர்கள் காங்கிரசின் சார்பில் வெற்றி பெற்றார்கள். ஐந்தாண்டில் காற்று திசை மாறியது. 1965-இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும், அரிசித் தட்டுப்பாடும் மக்களைக் கொதிப்படையச் செய்திருந்தன. முஸ்லிம் லீக், தி.மு.க., சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி முதலியன ஓரணியில் நின்றன. 1967 பிப்ரவரியில் தி.மு.க. சட்டமன்றத்தில் 137 இடங்களைப் பெற்றது. துறைமுகத்தில் ஹபீபுல்லா பேக் அவர்கள் வென்றார்கள். நாம் கவனிக்க வேண்டியது இது: அடுத்தடுத்த இரு தேர்தல்களிலும் அத்தொகுதி ஒரு முஸ்லிமையே தேர்ந்தெடுத்தது, ஆனால் முதலாமவர் காங்கிரஸ், இரண்டாமவர் அதற்கு எதிரணி. மதம் ஒன்றாயிருந்தும் விடை மாறியது. மண்ணடி முஸ்லிம் அரிசிக்கும் மொழிக்கும் அளித்த விடை, அவர் அண்டை வீட்டு இந்து அளித்த விடையோடு ஒத்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, இத்தொகுதியின் வரலாற்றில் மிகவும் சிந்திக்கத்தக்க 1977-ஆம் ஆண்டுக்கு வருவோம். 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாச் சட்டத்தின் கீழ் சென்னை மத்திய சிறைச்சாலை நிரம்பியது. சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு, சிறையில் பட்ட அடிகளின் விளைவாக 1977 ஜனவரியில் காலமானார். மார்ச் மாதத்தில் தேர்தல். வடநாடு முழுவதும் இந்திரா காந்தியாரின் ஆட்சியைத் தூக்கி எறிந்தது. தமிழகமோ நேர்மாறாக நடந்தது. அ.தி.மு.க., காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் அணி 39 இடங்களில் 34-ஐக் கைப்பற்றியது. நெருக்கடி நிலை சரிதானா என்ற வினாவைத் தமிழகம் தன் வினாவாகவே கொள்ளவில்லை என்றுதான் அதற்குப் பொருள் கூற வேண்டும்.

வடசென்னை அவ்வினாவைத் தன் வினாவாகக் கொண்டது. தி.மு.க. வேட்பாளர் ஏ. வி. பி. ஆசைத்தம்பி அங்கே வென்றார். சிறைக்குச் சென்றவர்களின் குடும்பங்கள் பல இந்நகரின் தெருக்களில் வாழ்ந்தவை. ஏட்டில் படித்தறிந்த செய்தியாக அன்றி, பக்கத்து வீட்டில் கேட்ட அழுகுரலாக நெருக்கடி நிலையை அவர்கள் அறிந்திருந்தனர். அதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம். மிசாச் சிறையில் வதைபட்டவர்களுள் ஒருவர் ஆர்க்காடு வீராசாமி. அவர் மகன் கலாநிதி வீராசாமியையே இத்தொகுதி 2019-லும் 2024-லும் நாடாளுமன்றத்திற்கு அனுப்பியது.

1984 டிசம்பரில் மீண்டும் ஒரு பெருங்காற்று வீசியது. இந்திரா காந்தியாரின் கொலையால் எழுந்த அனுதாபமும், அயல்நாட்டு மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆர். மீதிருந்த பரிவும் சேர்ந்து 37 இடங்களை ஓரணிக்கு அள்ளித் தந்தன. தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே. அவற்றுள் ஒன்று என். வி. என். சோமு வென்ற வடசென்னை.

இவ்வாறெல்லாம் சொல்வதால் வடசென்னையை எதிர்நீச்சல் வீரர்களின் கோட்டை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். 1989 நவம்பரில் தி.மு.க. தமிழகத்தில் ஓரிடமும் பெறாதபோது வடசென்னையும் அந்த வெள்ளத்தோடுதான் போயிற்று. தொழிற்சங்கத் தலைவரும் ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவருமான தா. பாண்டியன் காங்கிரஸ் சின்னத்தில் வென்றார். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் அவரும் காயமுற்றார்; ஜூனில் மீண்டும் வெற்றி பெற்றார்.

அந்த ஜூன் தேர்தல் ஒரு நுட்பமான செய்தியைத் தாங்கியுள்ளது. அன்று மக்களவைக்கும் சட்டமன்றத்திற்கும் ஒரே வேளையில் வாக்குப் பதிவு. அமெரிக்க வாக்காளரைப் போல வடசென்னையாரும் இரண்டு விடைகளை ஒரே நாளில் தர வாய்த்தது. வடசென்னை மக்களவைத் தொகுதியுள் அடங்கியிருந்த துறைமுகத்தில் மு. கருணாநிதி 890 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். மாநிலம் முழுவதும் அவர் கட்சி அடியோடு சாய்ந்து கிடந்த வேளை அது. டில்லிக்கு ஒருவர், கோட்டைக்கு வேறொருவர் என்று பிரித்து வாக்களித்தவர்கள் நகரத்துள் எவ்வளவு பேர் என்று எண்ணிச் சொல்ல இயலாது. என்றாலும் முடிவு மயிரிழையில் நின்ற அத்தொகுதியில் ஒவ்வொரு தெருவுக்கும், ஆகவே நம் தெருக்களுக்கும், எடை இருந்தது என்பதில் ஐயமில்லை. 2006-இல் அதே துறைமுகத்தில் க. அன்பழகன், ம.தி.மு.க.வின் சீமா பஷீரைச் சில நூறு வாக்குகளில் வென்றபோதும் இதுவே நிகழ்ந்தது. முஸ்லிம் பெயர் என்பதற்காக மட்டும் நம்மவர் ஒருமுகமாக வாக்களித்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும்.

'இவர்களில் யாருமில்லை' என்னும் பொத்தான் 2013-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. வேட்பாளரைச் சாராமல் நம் வாக்காளர் சொல்லக்கூடிய ஒரே விடை அதுவே. ஆர். கே. நகரில் 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது டி. டி. வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தப் பொத்தானை அழுத்தியோர் 2,373 பேர். மத்தியில் ஆண்ட பாரதீய ஜனதாக் கட்சியின் வேட்பாளர் பெற்றதோ 1,417. காசு வாங்கிக்கொண்டு வாக்களித்தார்கள் என்ற இழிசொல் அத்தொகுதி முழுவதன் மீதும் விழுந்தது. சிலர் வாங்கியிருக்கலாம். ஆனால் தம் முன் நிறுத்தப்பட்ட அத்தனை பேரையும் மறுக்க ஒருவர் வரிசையில் கால் கடுக்க நின்றார் என்பதையும் அதே கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இப்போது 1949-இன் அச்சங்களுக்குத் திரும்புவோம். வடசென்னை மக்களவைத் தொகுதி 1957 முதல் 2024 வரை ஒரு முஸ்லிமையேனும் தேர்ந்தெடுக்கவில்லை. காயிதெ மில்லத் அவர்களின் அச்சம் அந்த அளவில் மெய்யாயிற்று. அவர்களே மக்களவைக்குச் செல்லக் கேரளத்தின் மஞ்சேரியைத்தான் நாட வேண்டியிருந்தது. இந்த இழப்பை நாம் சிறிதென்று சொல்லமாட்டோம். மறுபுறம், 1921-இல் இல்லாத ஒன்று 1957 முதல் இருந்து வந்தது: ஆதிதிராவிடர் தெருவுக்கும் மீனவர் குப்பத்துக்கும் நம் தெருவுக்கும் ஒரே ஆள் வந்து வாக்குக் கேட்டார். இவற்றுள் ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெற்றோம். இரண்டையும் ஒருங்கே பெறும் வழி இருந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. கட்சிகள் வெற்றி வாய்ப்புள்ள இடங்களில் நம்மவரை நிறுத்தியிருந்தால் பொதுப்பட்டியலே அதனைத் தந்திருக்கும். 1962-லும் 1967-லும் துறைமுகம் தந்ததல்லவா?

2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் கோடுகள் மீண்டும் மாறின. துறைமுகம் வடசென்னையிலிருந்து பிரிக்கப்பட்டு மத்திய சென்னையோடு சேர்க்கப்பட்டது. 1977 முதல் முப்பதாண்டுகளுக்கு மேலாக ஒரே மக்களவை உறுப்பினருக்கு வாக்களித்து வந்த மண்ணடியாரும் பெரம்பூராரும் அதனால் பிரிந்தனர். பின்னி ஆலை 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. அதே சீரமைப்பில் புளியந்தோப்பு வட்டாரத்தில் புதிய சட்டமன்றத் தொகுதி ஒன்று பிறந்தது. அது ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 1921-இல் ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராக இருந்த திரு.வி.க.வின் பெயர் அதற்கு இடப்பட்டது. 2011-இல் அங்கு முதல் தேர்தல் நடந்தது. அவ்வட்டாரத்து முஸ்லிம்களும் சாதி இந்துக்களும் ஒரே பட்டியலில் பெயர் பதிந்து, ஓர் ஆதிதிராவிடரைத் தங்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர்.